கடல் கடந்த தொண்டும் கண்ணுக்குத் தெரியாத உழைப்பும்

தொண்டு என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றும் காட்சிகள் எவை? வெள்ளத்தில் தவிப்போருக்கு உணவுப் பொட்டலம் நீட்டும் கை. நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலி. வெயிலில் மண் சுமந்து சாலை அமைக்கும் இளைஞர் கூட்டம். இவற்றைக் கண்டு நாம் நெஞ்சுருகுகிறோம். ஆனால் அந்த உணவுப் பொட்டலத்துக்கு அரிசி வாங்கியவர் யார், எந்த ஊருக்கு எத்தனை பொட்டலம் வேண்டுமெனக் கணக்கெடுத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குத் தொண்டர்களை அனுப்பி வைக்கும் நிறுவனங்கள் உலகில் பல உண்டு. அவற்றில் பணி புரிவோரின் வேலை பெரும்பாலும் இவ்வாறு கண்ணுக்குத் தெரியாத வேலையே. அவர்கள் என்ன செய்கிறார்கள்? அவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இக்கேள்விகளுக்கு விடை காண, அந்நிறுவனங்களுள் மூத்த ஒன்றின் கதையைக் காண்போம்.

போர்க்களத்தில் பிறந்த எண்ணம்

சுவிட்சர்லாந்து நாட்டில் 1879-ம் ஆண்டு பிறந்தவர் பியேர் செரெசோல். இவருடைய தந்தை பால் செரெசோல் 1873-ம் ஆண்டில் அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர். மகனோ பொறியியல் கற்றவர். போரை மனமார வெறுத்தவர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-ம் ஆண்டில் இராணுவ வரி செலுத்த மறுத்துச் சிறை சென்றார்.

போர் முடிந்தபின், சமாதானத்தை விரும்பிய பல நாட்டுக் கிறிஸ்தவர்கள் ஹாலந்து நாட்டில் கூடிப் பேசினர். பேச்சு மட்டும் போதாது, போர் அழித்த ஓர் ஊரைப் பல நாட்டினரும் ஒன்று சேர்ந்து கட்ட வேண்டும் என்ற எண்ணம் செரெசோலுக்கு உறுதிப்பட்டது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம், பிரான்சு நாட்டில் வெர்டன் நகருக்கு அருகிலுள்ள எஸ்ன் என்னும் சிற்றூர். 1916-ம் ஆண்டு வெர்டனில் பத்து மாதங்கள் நடந்த போரில் இரு தரப்பிலுமாக ஏறத்தாழ 3 லட்சம் வீரர்கள் மாண்டனர். அம்மண்ணில் எஞ்சியிருந்தவை இடிபாடுகளும் குண்டுக் குழிகளுமே.

1920-ம் ஆண்டு நவம்பர் மாதம் சிறு குழு ஒன்று அங்கே சென்றது. நேற்றுவரை பகைவராயிருந்த ஜெர்மானியரும் அதில் இருந்தனர். குளிர்காலம் முழுவதும் அவர்கள் மரத்தால் தற்காலிக வீடுகள் அமைத்தனர், இடிபாடுகளை அகற்றினர். 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்று இன்று அழைக்கப்படும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்தின் தொடக்கம் இதுவே.

தோல்வி கற்பித்த பாடம்

இத்துடன் கதை இனிதே முடிந்தது என்று எழுத நமக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. ஜெர்மானியர் தம் மண்ணில் வேலை செய்வதை அவ்வட்டார அதிகாரிகளால் ஏற்க முடியவில்லை. ஆதரவு கிடைக்காமல், ஐந்து மாதங்களுக்குப் பின் 1921-ம் ஆண்டு ஏப்ரலில் குழுவினர் வேலையை விட்டு வெளியேற நேர்ந்தது.

அதிகாரிகளைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவ்வூரில் மகனையும் கணவனையும் இழந்த பெண்களை எண்ணிப் பாருங்கள். போரின் காயம் ஆறுவதற்கு இரண்டு ஆண்டுகள் போதுமா? கொடுப்பவரின் உள்ளம் தூய்மையாக இருந்தால் மட்டும் போதாது. பெறுபவரின் உள்ளமும் அதற்கு இசைய வேண்டும். செரெசோலும் நண்பர்களும் கற்ற முதல் பாடம் இது.

அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1924-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் மலையூர் ஒன்றில் பனிச்சரிவு ஏற்பட்டபோது மீண்டும் கூடினர். இம்முறை செரெசோலின் அண்ணன் எர்னஸ்ட் உதவிக்கு வந்தார். அவர் இராணுவத்தில் கர்னல்! தம்பி படையை மறுத்தவர். அண்ணன் படையை நடத்தியவர். இருவரும் சேர்ந்தபோது அன்பும் ஒழுங்கும் கைகோத்தன. 1927-ம் ஆண்டு ரைன் நதி கரையுடைத்து லீக்டன்ஸ்டைன் என்னும் சிறு நாட்டின் வயல்களைச் சேற்றாலும் கல்லாலும் மூடியது. மறு ஆண்டு 20-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 700-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் அங்கு வந்து வயல்களைச் சீர்ப்படுத்தினர். எழுநூறு பேருக்கு உணவு, படுக்கை, மண்வெட்டி, முறைவேலை என்று எல்லாவற்றையும் திட்டமிட்டவர்கள் இல்லாதிருந்தால், அந்நாட்டுக்கு வெள்ளத்தோடு மற்றொரு தொல்லையும் சேர்ந்திருக்கும்!

சகோதரிகளும் ஆசிரியையும்

அந்த முகாம்களில் தொண்டு செய்த பெண்களைச் 'சகோதரிகள்' என்றே அழைத்தனர். அவர்கள் துறவியர் அல்லர்; மாணவியரும் ஆசிரியைகளும் இல்லத்தரசிகளும் ஆவர். சமைப்பதும், சேறு படிந்த உடைகளைத் துவைப்பதும், கிழிந்தவற்றைத் தைப்பதும் அவர்களுடைய பொறுப்பு. வயலில் நிற்பவர் படத்தில் இடம்பெறுவார். அடுப்படியில் நிற்பவர் இடம்பெறுவதில்லை. பிற்காலத்தில் இப்பாகுபாடு நீங்கிற்று. இன்று முகாம்களில் மண்வெட்டியும் அகப்பையும் இரு பாலாருக்கும் பொதுவே.

மற்றொரு பெண்மணியையும் நாம் அறிந்துகொள்வது நல்லது. எலன் மோனாஸ்டியே என்பவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பெண்கள் பள்ளி ஒன்றில் பல்லாண்டுகள் ஆசிரியையாக இருந்தவர். செரெசோலுக்கு உற்ற நண்பர். தொடக்கக் காலத்திலிருந்தே இந்நிறுவனத்தைத் தாங்கி நின்ற தூண்களுள் ஒருவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதன் பன்னாட்டுத் தலைவியாகவும் விளங்கினார். வகுப்பறையில் கரும்பலகை முன் நின்ற கைகளே உலகத் தொண்டையும் நெறிப்படுத்தின என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்றோ?

பீகாருக்கு வந்த பொறியாளர்

1934-ம் ஆண்டு ஜனவரி 15-ம் நாள் பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. 10,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நில மட்டமே மாறிப்போனதால், முன்பு வெள்ளம் எட்டாத ஊர்களும் அதன் பின் வெள்ளத்தில் மூழ்கலாயின.

செய்தியறிந்த செரெசோல் இந்தியா வந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வந்தவுடன் அவர் மண்வெட்டியை எடுக்கவில்லை. முதலில் கண்டார்; கேட்டார். காந்தியடிகளைச் சந்தித்தார். நிவாரணப் பணிகளை நடத்திய இராஜேந்திர பிரசாத் அவர்களுடன் கலந்து பேசினார். அக்காலத்தில் ஆங்கில அரசும் காங்கிரசும் எதிரெதிர் அணிகள். இருந்தும் இரு தரப்பாரிடமும் சென்று, எது தேவை, எங்கே தேவை என்று விசாரித்தார். பின்னர் ஐரோப்பாவுக்குத் திரும்பி, சில தோழர்களுடன் மீண்டும் வந்தார். 1937-ம் ஆண்டு வரை நடந்த இப்பணியில், முசாபர்பூர் மாவட்டத்தில் வெள்ளம் சூழ்ந்த ஊர்களுக்கு மாற்றாக மேட்டு நிலத்தில் புதிய குடியிருப்புகள் எழுந்தன.

வந்த வெளிநாட்டினர் விரல் விட்டு எண்ணத்தக்கவரே. ஆனால் கேட்டுச் செய்த தொண்டு ஆனபடியால் அது நிலைத்தது. எஸ்னில் கற்ற பாடம் பீகாரில் பயன் தந்தது.

அலுவலகத்தில் நடப்பது என்ன?

இன்று இத்தகைய நிறுவனம் ஒன்றின் அலுவலகத்துக்கு ஒரு வேண்டுகோள் வருவதாகக் கொள்வோம். மலைக் கிராமம் ஒன்றின் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பப் பன்னிரண்டு தொண்டர்கள் தேவை என்கிறது கடிதம். அங்கே பணிபுரிபவர் உடனே ஆட்களைத் திரட்டி அனுப்பிவிடுவதில்லை. முதலில் அவர் கேட்க வேண்டிய கேள்விகள் பல.

முதலாவது, இதைக் கேட்பது யார்? ஊர் மக்களா, அல்லது ஊருக்கு நல்லது செய்ய விரும்பும் வேறொருவரா? இரண்டாவது, அவ்வூரில் கொத்தனாரும் சித்தாளும் வேலையின்றி இருக்கிறார்களா? இருந்தால், இலவச ஆட்களை அனுப்புவது அவர்கள் கூலியைப் பறிப்பதாகும். மூன்றாவது, கலவை போடவும் அறியாத கல்லூரி மாணவர்கள் எழுப்பும் சுவர் எத்தனை மழையைத் தாங்கும்? அவர்களுக்குச் சொல்லித்தர ஆள் உண்டா? நான்காவது, தண்ணீரும் கழிப்பிடமும் போதுமானவையா? ஊர்க் கிணற்றில் கோடைக் காலத்தில் ஊராருக்கே தண்ணீர் எட்டாதபோது விருந்தினர் பன்னிரண்டு பேர் வரலாமா? ஐந்தாவது, அவர்கள் போனபின் அவ்வேலையைத் தொடர்பவர் யார்?

விடைகள் திருப்தியளித்தால் மேற்கொண்டு வேலைகள் தொடங்கும். தொண்டர் தம் நாட்டிலுள்ள கிளை வழியாக விண்ணப்பிப்பார். பயணச் செலவு பெரும்பாலும் அவருடையது. உணவும் இடமும் முகாமில் கிடைக்கும். முகாம்கள் பொதுவாக இரண்டு மூன்று வாரங்கள் நடைபெறும். விசா, காப்பீடு, தடுப்பூசி, அவ்வூர் வழக்கங்களைப் பற்றிய முன்பயிற்சி ஆகிய அனைத்தையும் அலுவலகத்தார் கவனிக்க வேண்டும். தொண்டர் காய்ச்சலில் விழுந்தால் நள்ளிரவிலும் தொலைபேசியை எடுக்க வேண்டும். தகுதியற்றவரிடம் 'இப்போது வேண்டாம்' என்று கனிவோடு சொல்லவும் வேண்டும். அதற்கு மண் சுமப்பதைவிட அதிகத் துணிவு தேவை.

நல்லெண்ணம் தீங்காகுமா?

ஆகலாம். கம்போடியா நாட்டைப் பற்றிய ஒரு செய்தி நம்மைத் திடுக்கிட வைக்கிறது. அங்குள்ள அநாதை இல்லங்களுக்கு வெளிநாட்டுப் பயணிகளும் குறுகிய காலத் தொண்டர்களும் அன்போடு சென்றனர், நன்கொடையும் அளித்தனர். இல்லங்கள் பெருகின. ஆனால் 2011-ம் ஆண்டு யுனிசெப் துணையுடன் வெளியான ஆய்வு, அங்கிருந்த பிள்ளைகளில் நால்வரில் ஏறத்தாழ மூவருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதாகத் தெரிவித்தது. பிள்ளைகளை இல்லத்தில் சேர்ப்பதற்கு வறுமையும், அங்கே கல்வி கிடைக்கும் என்ற நம்பிக்கையும் காரணங்களாயின. வெளியாரின் அன்பும் நன்கொடையும், தம்மை அறியாமலே, பிள்ளையைப் பெற்றவரிடமிருந்து பிரிக்கத் துணை போயின. அதே பணம் அக்குடும்பங்களுக்குச் சென்றிருந்தால் பிள்ளைகள் தம் வீட்டிலேயே வளர்ந்திருப்பார்கள் அல்லவா? மேலும், இரண்டு வாரம் கொஞ்சி மகிழ்ந்துவிட்டுப் பிரிந்து செல்லும் புதுமுகங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காணும் குழந்தையின் மனம் என்ன பாடுபடும்?

கேள்வி கேட்கும் ஒருவர் இடையில் இல்லாவிட்டால் அன்பும் வழி தவறும். இதனால்தான் அந்த அலுவலக மேசை புனிதமான இடமாகிறது.

திருச்சபையின் குரல்

திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-ம் ஆண்டு மக்களின் முன்னேற்றம் குறித்து ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். வளரும் நாடுகளில் தொண்டு செய்ய முன்வரும் இளைஞர்களைக் கண்டு அதில் அவர் மகிழ்ச்சி தெரிவித்தார். அத்துடன், செல்பவர்கள் எசமானர்களைப் போல் அல்லாது உதவியாளராகவும் உடன் உழைப்பவராகவும் நடந்துகொள்ள வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். தொழில் திறமை மட்டும் போதாது, உண்மையான அன்பும் வேண்டும் என்பது அவர் கருத்து.

ஐக்கிய நாடுகள் சபை 1970-ம் ஆண்டு தொண்டர் திட்டம் ஒன்றை உருவாக்கியது. அதன் தொண்டர்களில் பெரும்பாலோர் இன்று வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். வளர்ந்த நாடுகள் கொடுக்க, மற்றவை பெற்றுக்கொள்ளும் என்ற பழைய எண்ணம் மாறிவிட்டது.

நமக்குரிய பாடம்

நல்ல சமாரியன் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். காயமுற்றவனுக்குச் சமாரியன் கட்டுப் போட்டதை நினைவில் வைக்கிறோம். ஆனால் அவர் அவனைச் சாவடிக்குக் கொண்டு சென்றதையும், காவலரிடம் பணம் கொடுத்ததையும், திரும்பி வந்து மீதிச் செலவைத் தருவதாக உறுதி கூறியதையும் எத்தனை பேர் சிந்திக்கிறோம்? சமாரியன் சென்றபின் அந்நோயாளியைக் கவனித்தவர் சாவடிக் காவலரே. அவர் பெயரை யாரும் அறியார். அவரைப் புகழ்ந்து பேசுவோரும் இல்லை. அவர் இல்லாதிருந்தால் சமாரியனின் இரக்கம் பாதி வழியில் நின்றிருக்கும்.

நம்மில் சிலர் நாளை இத்தகைய நிறுவனங்களில் பணிபுரியலாம். மற்றவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி முதியோர் இல்லத்துக்குப் பழங்கள் எடுத்துச் செல்கிறோம், பாடுகிறோம், திரும்பி வருகிறோம். அடுத்த முறை ஒரு வாரம் முன்பே இருவர் சென்று, "பாட்டி, உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு வரலாமே! அவர்கள் பழம் கேட்காமல் இருக்கலாம். மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லலாம். கண் மங்கிப் போனதால் செபப் புத்தகத்தை வாசித்துக் காட்டச் சொல்லலாம். சும்மா பக்கத்தில் உட்காரவும் சொல்லலாம்.

கேட்பது சிறு செயல். எஸ்ன் கிராமம் முதல் பீகார் வரை தொண்டர்கள் கற்ற பாடம் அதுவே. கொடுக்கும் கைகளுக்கு முன் கேட்கும் செவிகளை நமக்கு அருளுமாறு இறைவனை வேண்டுவோமாக!