கட்டிளமைப் பருவமும் போதை எனும் வலையும்

ஆலயம் என்பது ஆன்மா லயிக்கும் இடம் என்பர் பெரியோர். மனம் தெளிந்திருந்தாலே அது இறைவனில் லயிக்கும். அத்தெளிவைக் கெடுப்பது போதை. இதனாலேயே சைவநெறி கொலை, களவு, பொய் முதலிய பெரும் பாதகங்களோடு கள்ளுண்ணலையும் சேர்த்து விலக்கியது. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். ஆறுமுக நாவலர் சிறுவர் கற்கும் பாலபாடத்தில் அதனை ஒரு பாடமாகவே வைத்தார். அன்று கள், இன்று கஞ்சா, ஹெரோயின், ஐஸ், போதை மாத்திரை. பொருள் மாறினாலும் கேடு ஒன்றே.

ஏன் இளவயதினர்?

மனித மூளையில் நன்மை தீமையை நிறுத்துப் பார்த்து ஆசையை அடக்கும் முன்பகுதி முழுவளர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயதாகும். ஆசையைத் தூண்டும் பகுதியோ கட்டிளமைப் பருவத்திலேயே விழித்துக்கொள்கின்றது. எனவே 14, 15 வயதில் பழகுபவர் அடிமையாகும் வாய்ப்பு, வளர்ந்தபின் பழகுபவரைவிட அதிகம்.

போதைப்பொருள் மூளையில் டோபமைன் எனும் இரசாயனத்தை அளவுக்கு மீறிச் சுரக்கச் செய்கின்றது. நாளடைவில் மூளை அதற்குப் பழகிவிடும். பின்னர் விளையாட்டு, படிப்பு, திருவிழா எதுவும் இன்பம் தராது. முன்பு மகிழ்ச்சிக்காகப் பாவித்தவர், பின்பு வேதனை தீரப் பாவிக்கின்றார். ஹெரோயினை நிறுத்தினால் உடல் உளைவு, வாந்தி, வயிற்றோட்டம், நித்திரையின்மை வருத்தும். ஐஸ் பாவிப்பவர் நாட்கணக்கில் உறங்காது, பெற்ற தாயையும் சந்தேகிக்கும் நிலைக்கு ஆளாவர்.

கரையோரத்தில் கவனம்

எமது கிராமம் கடலையும் களப்பையும் நம்பி வாழ்வது. வடபகுதிக் கடல் வழியாகக் கேரளக் கஞ்சா கடத்தப்படுவதும் கடற்படையினரிடம் அகப்படுவதும் நாம் அடிக்கடி கேள்விப்படும் செய்திகள். கடத்துவோர் தம் கையைக் காட்டுவதில்லை. "தம்பி, இந்தப் பொதியை அங்கை குடுத்துவிடு" என்று சிறுவரிடம் காசைக் காட்டுவர். கரையொதுங்கிய பொதியைக் கண்டாலும் பிரித்துப் பார்க்காது பெரியவர்களிடம் சொல்லுதல் வேண்டும்.

சட்டம் கடுமையானது. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராம் ஹெரோயினுக்கும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 5 கிராம் ஐஸுக்கும் மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்க இடமுண்டு. 5 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிச் சீனி. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டும் மதுவும் விற்பதே குற்றம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

திடீரெனப் புதிய நண்பர், வீட்டில் காசு குறைதல், பாடசாலைக்குச் செல்லாமை, சிவந்த கண், மெலிந்த உடல், காரணமற்ற கோபம் என்பன அறிகுறிகளாகலாம். இவை வேறு கவலைகளாலும் வரக்கூடும். ஆகையால் அடித்து விசாரிக்காமல் அருகிருந்து கேளுங்கள். பயந்த பிள்ளை வாய் திறவாது. அவனுக்கு ஆறுதல் சொல்லக் காத்திருப்பவர் விற்பவரே.

மறுக்கும் முறையையும் பழக்க வேண்டும். "வேண்டாம் அண்ணை, அப்பா தேடுவார்" என்று சொல்லி உடனே விலகிவிடுவது கோழைத்தனமன்று. அறநெறி வகுப்பில் இதனைச் சிறு நாடகமாக நடிக்கச் செய்யலாம்.

மீள வழி உண்டு

அடிமைநிலை ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 எனும் இலக்கத்தில் அழைத்து ஆலோசனை பெறலாம். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவையும் நாடலாம். சிலகாலம் விட்டவர் மீண்டும் பழைய அளவில் பாவித்தால் உயிராபத்து நேரும். உடல் அதைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். ஆகவே திருந்தி வருபவரைத் தனியே விடலாகாது. ஊர் ஒதுக்கினால் அவர் போகுமிடம் பழைய இடமே. திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலிலும் தேர் வடத்திலும் அவருக்கும் ஓர் இடம் கொடுப்போம்.

யுத்தத்தாலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையாலும் இழந்தவை போதும். எஞ்சிய செல்வம் எம் பிள்ளைகளே. அவர்களைக் காத்தருளுமாறு விநாயகப் பெருமானின் திருவடிகளைப் பணிவோமாக.

மேன்மைகொள் சைவநீதி விளங்குக உலகமெல்லாம்.