மயக்க ஊசி போட்டு நாயை விமானம் ஏற்றாதீர்கள்

சங்கரன்கோவில் பக்கம் நாய் வளர்க்கும் ஒரு குடும்பம் வெளிநாட்டுக்குக் குடிபெயரப் போகிறது என்று தெரிந்தால் போதும், ஆளாளுக்கு ஒரே யோசனையைச் சொல்வார்கள். குடும்பமும் அதை அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டு வரும்: "ஒரு ஊசியப் போட்டு விட்ருங்க டாக்டர், தூங்கிக்கிட்டே போயி எறங்கிரும்லா."

கால்நடை மருத்துவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த வாக்கியம் இது. நாய் பயப்படக் கூடாது, கத்தக் கூடாது என்ற பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த ஊசி நாயைத் தூங்க வைப்பதில்லை. சில நாய்களை அது எழுந்திருக்கவே விடுவதில்லை.

நாய்களை அமைதிப்படுத்தப் பல காலமாகப் பயன்பட்டுவரும் மருந்து அசிப்ரோமசின். அது ரத்தக் குழாய்களைத் தளர்த்தி ரத்த அழுத்தத்தை இறக்கும். உடல் தன் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறனையும் குலைக்கும். சிகிச்சை மேசையில் பக்கத்திலேயே மருத்துவர் நிற்கும்போது இவற்றைச் சமாளிக்கலாம். விமானத்தின் அடிவயிற்றில் பூட்டிய பெட்டிக்குள் நாடி பார்க்க யார் இருக்கிறார்கள்?

பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல் இருக்காது. அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் உள்ள அளவுக்குக் குறையலாம். கொடைக்கானல் சுமார் 7,000 அடி. நல்ல உடம்புள்ள நாய் இதைத் தாங்கிவிடும். மருந்தால் மூச்சும் இதயமும் மந்தமான நாய்க்குத்தான் ஆபத்து. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் இந்த இரண்டு காரணங்களோடு மூன்றாவதாக ஒன்றையும் சொல்கிறது. பெட்டியைத் தூக்கும்போதும் சாய்க்கும்போதும் விழித்திருக்கும் நாய் நான்கு காலையும் ஊன்றிச் சமாளித்துக்கொள்ளும். மயக்கத்தில் இருப்பது, மலைப்பாதை பஸ்ஸில் தூங்கி வழியும் ஆள் போலப் பக்கவாட்டில் போய் மோதும். கழுத்து மடங்கிக் கிடந்தாலும் நிமிர்த்தத் தெரியாது.

பயமாவது குறைகிறதா என்றால், அதுவும் உறுதியில்லை. அசிப்ரோமசின் உடலைக் கட்டிப்போடுமே தவிர, மனத்தின் அச்சத்தைத் தணிப்பதில் பலவீனமானது. கத்த முடியாமல் கிடக்கும் நாயைப் பார்த்து, நிம்மதியாகத் தூங்குகிறது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

நம் வட்டாரத்துக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை உண்டு. கரிசல் காட்டுச் சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் கிரேஹவுண்ட் போல ஒட்டிய வயிறும் கொழுப்பில்லாத உடம்பும் கொண்டவை. கிரேஹவுண்ட் வகை நாய்களின் உடலில் சில மயக்க மருந்துகள் மற்ற நாய்களைவிட நீண்ட நேரம் தங்கிவிடும் என்பது மருத்துவப் பாடத்தில் உள்ளது. லாப்ரடாருக்குக் கொடுத்த அளவைக் கேட்டு வந்து சிப்பிப்பாறைக்குக் கொடுப்பவரை எந்த வார்த்தையால் கண்டிப்பது?

விமான நிறுவனங்கள் பின்பற்றும் ஐஏடிஏ அமைப்பின் உயிருள்ள விலங்குகளுக்கான விதிகளும் மயக்க மருந்தைப் பரிந்துரைப்பதில்லை. தவிர்க்கவே முடியாமல் கொடுத்தால் மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம் எல்லாம் எழுதிப் பெட்டியோடு அனுப்ப வேண்டும். தள்ளாடும் நாயைப் பல நிறுவனங்கள் ஏற்றவே மறுக்கும். சங்கரன்கோவிலிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் காரில் கொண்டுபோன பிறகு சென்னையில் அந்த மறுப்பைக் கேட்க வேண்டுமா?

ஊசிக்குப் பதில் என்ன? பெட்டிப் பழக்கம்தான். பயணப் பெட்டியைக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே வாங்கி, கதவைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போடுங்கள். சாப்பாட்டை அதற்குள் வையுங்கள். தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்ததும் கதவை மாட்டிச் சில நிமிடங்கள் மூடுங்கள், பிறகு சில மணி நேரம். அப்புறம் பெட்டியோடு காரில் ஏற்றி ராஜபாளையம் வரை போய் வாருங்கள். எழுந்து நின்றால் தலை இடிக்காமல், திரும்பிப் படுக்க இடம் இருக்க வேண்டும். நாயின் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தோடு, முன்னங்கால் உயரத்தில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம் கிடைக்கும். தோள் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு பெட்டியின் அகலம். பழைய போர்வையோ உங்கள் சட்டையோ உள்ளே கிடக்கட்டும். அந்த வாசனை செய்யும் வேலையை எந்த மாத்திரையும் செய்யாது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

சரக்கு அறையில் காற்றே இருக்காது, குளிரில் விறைத்துவிடும் என்கிறார்கள். தவறு. பயணிகள் பகுதிக்கு உள்ள அதே அழுத்தம் அங்கும் உண்டு. விலங்குகளை ஏற்றும் அறையில் வெப்பமும் கட்டுப்படுத்தப்படும், உள்ளே உயிர் இருக்கிறது என்று விமானிக்கு எழுத்தில் தெரிவிப்பார்கள். உண்மையான ஆபத்து தரையில், வெயிலில் பெட்டி காத்திருக்கும் நேரத்தில். அக்னி நட்சத்திரக் காலத்தில் அனுப்பாதீர்கள். அனுப்பியே தீர வேண்டுமானால் இரவு விமானம் பாருங்கள்.

காலடியில் வைத்துக் கூட்டிப்போனால் பயமே இல்லை என்பதும் அரைகுறை உண்மை. 2018 மார்ச்சில் யுனைடெட் விமானம் ஒன்றில் பயணப் பையில் இருந்த ஒரு பிரெஞ்சு புல்டாக் குட்டியைத் தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்கச் சொன்னார்கள், அது இறந்தே போனது.

தடுப்பூசி அட்டை இருந்தால் போதும் என்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். முதலில் 15 இலக்க மைக்ரோசிப், அதற்குப் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. வரிசை மாறினால் போட்ட ஊசி கணக்கில் வராது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் இந்திய நாய்களுக்கு ரத்தப் பரிசோதனை கேட்கின்றன. தடுப்பூசி போட்டு 30 நாள்களுக்குப் பின் ரத்தம் எடுத்து, அந்நாடுகள் ஏற்கும் ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டும். ஆக, நான்கு மாதத்துக்குக் குறைந்து வேலை நடக்காது. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாத வயது நிரம்பாத நாயை உள்ளேயே விடுவதில்லை. இந்தியா அவர்களின் வெறிநோய் அபாயப் பட்டியலில் இருப்பதால் வேறு நிபந்தனைகளும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராகக் கொண்டுபோகவே முடியாது. இந்தக் கெடுபிடியைக் குறை சொல்பவர்கள், உலகின் வெறிநோய் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நிகழ்கிறது என்ற உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

நாம் முதலில் போய்விடலாம், நாயைத் தெரிந்தவர் கையில் பிறகு அனுப்பலாம் என்ற திட்டமும் எல்லா நாட்டிலும் செல்லாது. விற்பனைக்கோ தத்துக்கோ வரும் நாய்களுக்கு 2022 செப்டம்பர் 28 முதல் கனடா கதவைச் சாத்திவிட்டது. அந்தத் தடைப் பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. தெரிந்தவர் கையில் வந்தாலும் அது உங்கள் சொந்த நாய்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. செல்வாக்கால் சாதிக்கலாம் என்பவர்களுக்கு நடிகர் ஜானி டெப் வீட்டுக் கதையே போதும். 2015இல் அனுமதியின்றி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன இரண்டு யார்க்‌ஷயர் டெரியர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மறு ஆண்டு அவருடைய அப்போதைய மனைவி ஆம்பர் ஹெர்ட் பொய்யான பயண ஆவணம் தந்த குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றையும் உரத்துச் சொல்லியாக வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வானப் பயணம் எப்போதும் அபாயம்தான். 2005 மே முதல் 2010 மே வரை அமெரிக்க விமானங்களில் நேர்ந்த 122 நாய் மரணங்களை அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை தொகுத்தது. இனம் தெரிந்த 108 நாய்களில் சுமார் பாதி சப்பை மூக்குடையவை. இங்கிலீஷ் புல்டாக் மட்டும் 25, பக் 11. நீண்ட மூக்கும் தாராளமான மூச்சுக்குழாயும் கொண்ட ராஜபாளையம் நாய் நம் பக்கத்து ஊரில் பிறக்கிறது. அதை விட்டுவிட்டு மூச்சுவிடவே திணறும் வெளிநாட்டு இனங்களை ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கி, பிறகு ஊசிக்கு அலைவது என்ன நியாயம்? 2005இல் அஞ்சல்தலையிலேயே ஏறிய நாய் ராஜபாளையம். ஆனால் போகும் ஊரையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடுகளில் அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றுதான் வளர்க்கலாம், ராஜபாளையத்துக்கு அங்கே இடமில்லை.

வேலைக்கான கடிதம் கைக்கு வந்த வாரமே நாயைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். திருநெல்வேலி அருகே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மூச்சையும் இதயத்தையும் முழுதாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிச் சான்றுக்குச் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள மத்திய அரசின் விலங்குத் தடுப்பொதுக்க நிலையத்தை முன்கூட்டியே அணுகுங்கள். மயக்க ஊசி போட மாட்டேன் என்று மருத்துவர் சொன்னால் அவரிடம் சண்டை போடாதீர்கள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி நீங்களாகவே கொடுத்தும் விடாதீர்கள்.