எந்தப் பெட்டி எங்கே இருக்கு? செல்போன் செயலிகளில் படிவ உறுப்புகளைத் தேடும் முறை

(டிப்ளமோ கணினிப் பொறியியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)



ஒரு காலத்தில் படிவம் என்றால் காகிதம். பேனா இருந்தால் போதும். கட்டத்துக்குள் இடம் பத்தவில்லை என்றால் ஓரத்தில் நுணுக்கி எழுதிக் கொடுத்துவிடலாம். வாங்குகிற குமாஸ்தாவும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துக்கொள்வார். இன்று அந்தப் படிவம் செல்போனுக்குள் போய்விட்டது. செல்போன் படிவத்துக்கு ஓரம் கிடையாது. கட்டம் ஏற்றுக்கொண்டால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. அந்தக் கட்டங்களைச் செய்யும் வேலை நாளை நம் கைக்குத்தான் வரப்போகிறது. எந்தக் கட்டத்தை எங்கே தேடி எடுப்பது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஒரு நிரல், இரண்டு போன்

ஆண்ட்ராய்டு போனுக்குத் தனியாக, ஐபோனுக்குத் தனியாக என்று இரண்டு தடவை நிரல் எழுதுவது பெரிய செலவு. ஒரே தடவை எழுதி இரண்டிலும் ஓட்டுவதற்காக வந்தவைதான் கிராஸ் பிளாட்ஃபார்ம் ஃபிரேம்வொர்க்குகள். நம் மாணவர்கள் அதிகம் கேள்விப்படுபவை நான்கு. ஃபேஸ்புக் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ், கூகுளிடமிருந்து 2018 டிசம்பரில் 1.0 பதிப்பாக வந்த ஃப்ளட்டர், மைக்ரோசாஃப்டின் டாட்நெட் மௌயி (2022), இணையப் பக்க நுட்பத்திலேயே செயலி செய்ய உதவும் அயோனிக் (2013) ஆகியவை அவை. மௌயிக்கு முன்னோடியான ஜாமரினுக்கு 2024 மே மாதத்தோடு ஆதரவு நின்றுவிட்டது. ஆகவே பழைய ஜாமரின் புத்தகம் கிடைத்தால் பார்த்துப் படியுங்கள்.

இந்த நான்கும் கட்டத்தைத் திரையில் கொண்டுவரும் விதம் வேறு வேறு. ரியாக்ட் நேட்டிவும் மௌயியும் போனிலேயே இருக்கும் கட்டத்தை எடுத்துப் போடுகின்றன. ஃப்ளட்டர் எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்கிறது. அயோனிக் ஒரு சின்ன பிரவுசரைத் திறந்து அதற்குள் காட்டுகிறது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தேடும் வழியே இதில்தான் பிரிகிறது. ஃப்ளட்டர் தானே வரைவதால் அநேகமாக எல்லாக் கட்டமும் அதன் பெட்டகத்துக்குள்ளேயே கிடைக்கும். ஆனால் மெட்டீரியல் என்று ஆண்ட்ராய்டு பாணியில் ஒன்று, குப்பர்டினோ என்று ஐபோன் பாணியில் ஒன்று என இரண்டு தொகுப்பு இருக்கும். ரியாக்ட் நேட்டிவில் நிலைமை தலைகீழ். எழுத்துப் பெட்டியும் சுவிட்ச்சும் உள்ளே இருக்கின்றன. தேதி, பட்டியல், டிக் பெட்டி, ஸ்லைடர் எல்லாம் வெளியே. முன்பு இவையும் உள்ளேதான் இருந்தன. 2019 வாக்கில் 'லீன் கோர்' என்று பெயர் வைத்து, மையப்பகுதியை மெலிய வைக்கும் வேலை நடந்தது. அப்போதிலிருந்து இவை ஒவ்வொன்றாகத் தனித் தொகுப்புகளாக வெளியேறின. அதனால்தான் பழைய பாடத்தைப் பார்த்து 'பிக்கர்' என்று அடித்தால் பிழைச் செய்தி வருகிறது.

2. பேர் தெரியாமல் தேட முடியாது

மளிகைக் கடையில் "அது குடுங்கண்ணே" என்றால் கடைக்காரர் என்ன எடுப்பார்? அதே கதைதான் இங்கேயும். கட்டத்துக்குப் பொதுப்பெயரே ஊருக்கு ஊர் மாறுகிறது. ஃப்ளட்டரில் 'விட்ஜெட்' என்று தேட வேண்டும். ரியாக்ட் நேட்டிவில் 'காம்போனென்ட்'. மௌயியில் 'கன்ட்ரோல்'. தனிப்பெயர்கள் இன்னும் மாறும். முக்கியமானவற்றைத் தொகுத்துத் தருகிறேன்:

(அ) ஒரு வரி எழுத்து: ஃப்ளட்டரில் டெக்ஸ்ட்ஃபீல்ட் அல்லது டெக்ஸ்ட்ஃபார்ம்ஃபீல்ட், ரியாக்ட் நேட்டிவில் டெக்ஸ்ட்இன்புட், மௌயியில் என்ட்ரி, அயோனிக்கில் அயான்-இன்புட்.

(ஆ) பல வரி எழுத்து: முதல் இரண்டிலும் அதே கட்டத்துக்கு வரி எண்ணிக்கையை, அல்லது 'மல்ட்டிலைன்' என்பதை அமைத்தால் போதும். மௌயியில் எடிட்டர் என்று வேறு கட்டம். அயோனிக்கில் அயான்-டெக்ஸ்ட்ஏரியா.

(இ) பட்டியலில் ஒன்று: ஃப்ளட்டரில் ட்ராப்டவுன்மெனு, மௌயியில் பிக்கர், அயோனிக்கில் அயான்-செலக்ட், ரியாக்ட் நேட்டிவுக்கு வெளித்தொகுப்பு.

(ஈ) தேதி: ஃப்ளட்டரில் ஷோடேட்பிக்கர் என்ற ஃபங்ஷன், மௌயியில் டேட்பிக்கர், அயோனிக்கில் அயான்-டேட்டைம், ரியாக்ட் நேட்டிவுக்கு இதுவும் வெளித்தொகுப்பே.

(உ) ஆம்/இல்லை: சுவிட்ச் எல்லாவற்றிலும் உண்டு. அயோனிக்கில் மட்டும் அதன் பெயர் டாகிள். டிக் பெட்டி ரியாக்ட் நேட்டிவின் மையத்தில் இல்லை.

'ஃபார்ம்' என்ற உறுப்பு ஃப்ளட்டரில் உண்டு. உள்ளே இருக்கும் டெக்ஸ்ட்ஃபார்ம்ஃபீல்டுகள் அத்தனையையும் 'வேலிடேட்' என்று ஒரே சொல்லில் சோதித்து, தப்பான கட்டத்துக்கு அடியிலேயே செய்தியைக் காட்டும். வெறும் டெக்ஸ்ட்ஃபீல்ட் போட்டால் இந்தச் சோதனையில் அது சேராது. பெயரில் 'ஃபார்ம்' என்ற ஒரு சொல் கூடினால் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! ரியாக்ட் நேட்டிவில் ஃபார்ம் உறுப்பே கிடையாது. 'ரியாக்ட் ஹுக் ஃபார்ம்', 'ஃபார்மிக்' போன்ற தொகுப்புகளைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

3. ஒரு படிவத்தை எடுத்துக்கொள்வோம்

மகளிர் சுயஉதவிக் குழுவில் உறுப்பினர் சேர்க்கை. பெயர், பிறந்த தேதி, செல்போன் எண், வங்கிக் கணக்கு எண், மாவட்டம், சம்மதம். ஆறே ஆறு கட்டம். "இது என்னப்பா, எல்லாத்துக்கும் எழுத்துப் பெட்டியே போட்டுட்டா போச்சு" என்று தோன்றும். போடலாம்தான். ஆனால் நிரப்புகிறவர் பாடு திண்டாட்டம்.

பிறந்த தேதி: காலண்டர் போட்டால் அது இந்த மாதத்தில்தான் திறக்கும். 1968-இல் பிறந்த ஒரு அம்மா மாதம் மாதமாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போனால் ஐந்நூறு தடவைக்கு மேல் தள்ள வேண்டும். ஃப்ளட்டரின் ஷோடேட்பிக்கரில் வருடத்தை முதலில் காட்டு என்று சொல்ல வழி இருக்கிறது. நேரடியாக எண்ணைத் தட்டச்சு செய்யவும் விடலாம். தேதிக் கட்டத்தைத் தேடும்போதே "வருடத்தை முதலில் கேட்குமா?" என்று பார்த்துத் தேடுங்கள்.

செல்போன் எண், கணக்கு எண்: இவை எண் போலத் தெரிந்தாலும் கூட்டிக் கழிக்கிற எண் அல்ல. கணக்கு எண் சைபரில் ஆரம்பிக்கலாம். எண்ணாகச் சேமித்தால் முன்னால் இருக்கிற சைபர்கள் காணாமல் போய்விடும். எழுத்தாகவே சேமித்து, எண் விசைப்பலகையை மட்டும் வரவழைக்க வேண்டும். ரியாக்ட் நேட்டிவில் அதற்கு 'கீபோர்ட்டைப்' என்றும் ஃப்ளட்டரில் 'டெக்ஸ்ட்இன்புட்டைப்' என்றும் பெயர். இதில் இன்னொன்று: எண் விசைப்பலகை வந்துவிட்டதாலேயே எண் மட்டும்தான் வரும் என்று நம்பக்கூடாது. வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் எழுத்தும் உள்ளே வரும். சோதனை தனியாக வேண்டும்.

மாவட்டம்: தமிழ்நாட்டில் 38 மாவட்டம். மூன்று நான்கு என்றால் ரேடியோ பொத்தான் போதும். எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். 38 என்றால் தட்டச்சுச் செய்யச் செய்ய வடிகட்டுகிற பட்டியல் தேவை. ஃப்ளட்டரின் ட்ராப்டவுன்மெனுவில் 'எனேபிள்ஃபில்டர்' என்ற வசதி அதற்குத்தான்.

சம்மதம்: இங்கே சுவிட்ச் போடுகிறவர்கள் உண்டு. சுவிட்ச் என்பது வீட்டு லைட் மாதிரி, தட்டின உடனே எரிய வேண்டும். டிக் பெட்டி கையெழுத்து மாதிரி, படிவத்தைக் கொடுத்த பிறகுதான் செல்லும். சம்மதத்துக்கு டிக் பெட்டியே பொருத்தம். ரியாக்ட் நேட்டிவின் மையத்தில் சுவிட்ச் மட்டும் இருக்கிறதே என்பதற்காக அதையே எல்லாவற்றுக்கும் மாட்டிவிடக் கூடாது.

4. பெயர் என்னும் பெரிய கட்டம்

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆகவே வீட்டில், பக்கத்து வீட்டில், தெருவில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் போன் என் கைக்கு வந்துவிடும். ஒருமுறை என் அம்மாவுக்காக ஒரு செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தேன். முதற்பெயர் ஒரு கட்டம், குடும்பப்பெயர் ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப்பெயர்? இனிஷியல்தானே! ஒற்றை எழுத்தைப் போட்டால் "சரியான பெயரை உள்ளிடவும்" என்று சிவப்பில் வந்து நிற்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எம்பேர்ல என்னடா தப்பு?" என்று கேட்டாங்க. பெயரில் தப்பில்லை. கட்டத்தைச் செய்தவருக்கு இனிஷியல் என்ற ஒன்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதில் நமக்குப் பாடம் மூன்று.

ஒன்று, பெயருக்கு ஒரே கட்டம் போதும். இரண்டு போட்டால் இரண்டாவதைக் கட்டாயமாக்காதீர்கள்.

இரண்டு, 'ஏ முதல் இசட் வரை' என்று மட்டும் சோதனை வைத்தால் தமிழில் பெயர் எழுதுகிறவர் உள்ளேயே வர முடியாது.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது. தமிழ்ச்செல்வி என்ற பெயரில் நாம் எண்ணினால் ஏழு எழுத்து. த, மி, ழ், ச், செ, ல், வி. ஆனால் கணினி சேமிக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி தனி, கொம்பு, சுழி தனி என்று பதின்மூன்று குறியீடுகள். பத்து எழுத்துக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைத்தால் என்ன ஆகும்? ஃப்ளட்டரின் டெக்ஸ்ட்ஃபீல்ட் கண்ணால் பார்க்கும் எழுத்தைக் கணக்கிடுவதால் ஏழு என்று ஏற்றுக்கொள்ளும். ரியாக்ட் நேட்டிவின் டெக்ஸ்ட்இன்புட் குறியீட்டைக் கணக்கிடுவதால் 'தமிழ்ச்செல' என்பதோடு நின்றுவிடும். ஒரே படிவம், ஒரே வரம்பு. ஒரு செயலியில் முழுப் பெயர், இன்னொன்றில் பாதிப் பெயர்! கட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் முதல் வேலையாகத் தமிழில் நீளமான ஒரு பெயரை அடித்துப் பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

5. வெளியிலிருந்து எடுக்கும்போது

தேவையான கட்டம் மையத்தில் இல்லையென்றால் தொகுப்புச் சந்தைக்குப் போக வேண்டும். ஃப்ளட்டருக்கு பப்.டெவ், ரியாக்ட் நேட்டிவுக்கு என்பிஎம், மௌயிக்கு நூகெட். ரியாக்ட் நேட்டிவுக்கென்றே தனியாக ஒரு டைரக்டரியும் இருக்கிறது. எந்தத் தொகுப்பு எந்த போனில் ஓடும் என்று அதில் வடிகட்டிப் பார்க்கலாம். ஒரே பெயரில் பத்து சரக்கு வரும். படம் அழகாக இருப்பதைப் பார்த்து மயங்காமல் இந்த ஐந்தைப் பாருங்கள்:

(1) கடைசிப் பதிப்பு எப்போது வந்தது? கவனிக்க ஆளில்லாத தொகுப்பு, ஃபிரேம்வொர்க் அடுத்த பதிப்புக்குப் போகும்போது நம் காலை வாரிவிடும்.

(2) ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடுமா, ஒன்றில் மட்டுமா?

(3) பயன்படுத்தியவர்கள் எழுதிய குறைகளுக்குப் பதில் வந்திருக்கிறதா?

(4) உரிமம் என்ன? காசு கேட்குமா?

(5) டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான்கள் அந்தக் கட்டத்தின் பெயரைப் படித்துச் சொல்கின்றனவா?

ஐந்தாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ரியாக்ட் நேட்டிவின் எழுத்துப் பெட்டிக்குத் தலைப்பு கிடையாது. உள்ளே மங்கலாகத் தெரியும் குறிப்பு மட்டும்தான். ஒரு எழுத்து அடித்ததும் அதுவும் மறைந்துவிடும். பாதியில் போன் வந்து பேசிவிட்டுத் திரும்பினால் எந்தக் கட்டத்தில் என்ன போட்டோம் என்று தெரியாது. மேலே தனியாக ஒரு வரி தலைப்பு எழுதி, திரைவாசிப்பானுக்கும் பெயர் கொடுத்துவிட்டால் பார்வையற்றவருக்கும் உதவும், மறதிக்காரருக்கும் உதவும். ஃப்ளட்டரில் 'லேபிள்டெக்ஸ்ட்' இந்த வேலையைச் செய்துவிடும். 'ஹிண்ட்டெக்ஸ்ட்' செய்யாது.

6. முடிவுரை

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால் வரிசை இதுதான். முதலில் கட்டத்துக்குள் என்ன வரப்போகிறது, யார் போடப்போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அந்த ஃபிரேம்வொர்க்கில் அதற்கு என்ன பெயர் என்று பாருங்கள். பிறகு மையத் தொகுப்பில் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் மட்டும் சந்தைக்குப் போங்கள். கடைசியாக உண்மையான போனில், உண்மையான ஒரு ஆளிடம் கொடுத்துப் பாருங்கள். நம்மில் பலர் தலைகீழாகச் சந்தையிலிருந்து ஆரம்பிக்கிறோம். அதனால்தான் கட்டம் அழகாக இருக்கிறது, ஆனால் ஆளுக்குப் பொருந்துவதில்லை.

முதலாம் ஆண்டு தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். லேபில் ஒரு மணி நேரம் கிடைத்தால் இந்த ஆறு கட்டப் படிவத்தை ஏதாவது ஒரு ஃபிரேம்வொர்க்கில் செய்து பாருங்கள். கேண்டீன் அண்ணனிடமோ வாட்ச்மேன் ஐயாவிடமோ கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் விரல் எந்தக் கட்டத்தில் தயங்கி நிற்கிறதோ, அந்தக் கட்டத்தைத்தான் நீங்கள் மாற்றித் தேட வேண்டும்.