யாத்திரையும் பொருள் எல்லையும்

சம்மேத சிகர்ஜி யாத்திரைக்குப் புறப்படும் இல்லங்களில் பல நாள்களுக்கு முன்பே ஆயத்தம் தொடங்கிவிடும். பொழுது சாயுமுன் உண்பதற்கான உணவு, நீர் வடிகட்டும் துணி, பூசைப் பொருள்கள், குளிர் தாங்கும் போர்வை என ஒவ்வொன்றையும் எண்ணி எடுத்து வைப்பர். பணத்தை மட்டும் புறப்படும் நாளன்று அவசரமாகப் பைக்குள் திணித்துக்கொள்கிறோம். அதனால் விளையும் இடரையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் இப்பாடத்தில் காண்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தார் சென்ற யாத்திரையில், வழியில் ஒரு பெரிய நிலையத்தில் வண்டி மாறுகையில் அத்தையின் கைப்பை காணாமற் போயிற்று. கைப்பேசி, ஏ.டி.எம். அட்டை, அட்டையின் இரகசிய எண்ணை எழுதிய சிறு தாள் ஆகிய மூன்றும் அப்பையில் இருந்தன. மகளின் திருமணத்துக்கெனச் சேர்த்த தொகை முழுவதும் அந்த ஒரே கணக்கில்தான் இருந்தது. வங்கியின் உதவி எண்ணோ களவு போன கைப்பேசியில் இருந்தது. மறுநாள் காலையில் வங்கிக்குச் செய்தி எட்டுமுன் தொகையில் பெரும்பகுதி பறிபோய்விட்டது. இரகசிய எண்ணை அட்டையோடு வைத்திருந்தமையால் அதனைத் திரும்பப் பெறவும் இயலவில்லை. இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபேறு எய்திய மலையில் நின்றும் அத்தையின் நெஞ்சம் வழிபாட்டில் நிலைக்கவில்லை. விரும்பிய பொருள் பிரிந்தவழி எழும் ஏக்கத்தை ஆர்த்த தியானத்தின் ஒரு வகையாக நம் ஆன்றோர் கூறுவர். பணத்தோடு யாத்திரையின் பயனும் கைநழுவிற்று.

எல்லை வகுத்தல்

இதற்குரிய மருந்து நமக்குப் புதியதன்று. சாவகன் தான் செல்லும் திசைகளுக்கு வாழ்நாள் எல்லை வகுப்பது திசை விரதம். குறித்த காலத்துக்கு அவ்வெல்லையை மேலும் சுருக்கிக்கொள்வது தேச விரதம். வைத்துக்கொள்ளும் பொருளுக்கு அளவு வகுப்பது பரிக்கிரக பரிமாணம். விரதத்தின் நோக்கம் ஆன்ம நலமே எனினும், அம்முறை உலகியலுக்கும் உதவும். பயணத்தின்போது எவ்வளவு பொருள் நம் கைக்கு எட்டவேண்டும் என்பதை வீட்டிலேயே உறுதி செய்துவிட்டால், அதற்கு மேற்பட்டது கள்வன் கைக்கும் எளிதில் எட்டாது.

புறப்படுமுன்

யாத்திரைக்கெனத் தனியே ஒரு சிறு சேமிப்புக் கணக்கு வைத்திருத்தல் நன்று. பயணச் செலவும் சிறிது கூடுதலும் மட்டும் அதில் இருக்கட்டும். கைப்பேசியின் யு.பி.ஐ. செயலியில் அக்கணக்கை மட்டும் இணைத்து, பெருந்தொகையுள்ள கணக்கை நீக்கிவிடுக. அதன் அட்டையும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அட்டைகளுக்கும் எல்லை உண்டு. அட்டையின் பயன்பாடுகளை வேண்டும்போது திறக்கவும் மூடவும், நாள் உச்சவரம்பைக் குறைக்கவும் வாடிக்கையாளருக்கு வசதி தரவேண்டுமென ரிசர்வ் வங்கி 2020இல் ஆணையிட்டது. உள்நாட்டு யாத்திரைக்கு வெளிநாட்டுப் பயன்பாடு எதற்கு? அதனை மூடிவிடலாம். இரகசிய எண் இன்றியே தொட்டுச் செலுத்தும் வசதிக்கு ஒருமுறைக்கு 5,000 ரூபாய் என 2021 சனவரியில் வரம்பு உயர்த்தப்பட்டது. தேவையில்லையேல் அதனையும் மூடுக.

தங்குமிடம் பதிவு செய்வதிலும் விழிப்பு வேண்டும். தர்மசாலைகளின் பெயரில் போலி இணையதளம் அமைத்து முன்பணம் பறிப்போர் உளர். யாத்திரிகர்களைக் குறிவைக்கும் இத்தகைய முன்பதிவு மோசடிகள் குறித்து உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரிக்கை வெளியிட்டது. முன்பு சென்று வந்தவரிடம் எண்ணைக் கேட்டறிந்து, பேசித் தெளிந்த பின்னரே பணம் அனுப்புக.

நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, பூட்டிய வீட்டைப் பற்றி உள்ளூர்க் காவல் நிலையத்தில் தெரிவித்துச் செல்லுதல் நலம். யாத்திரைப் படங்களைத் திரும்பி வந்தபின் உறவினர்க்குக் காட்டினாலும் மகிழ்ச்சி குறையாது. சென்றவிடத்திலிருந்தே பலரறிய வெளியிட்டால், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அறிவித்ததாக முடியும்.

வழியில்

கைப்பேசியும் அட்டையும் ஒரே பையில் இருத்தல் கூடாது. ஏன்? யு.பி.ஐ. இரகசிய எண்ணைப் புதிதாக அமைக்க அட்டையின் கடைசி ஆறு எண்களும், அது காலாவதியாகும் மாதமும் ஆண்டும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணும் கேட்கப்படும், சில வங்கிகள் அட்டையின் இரகசிய எண்ணையும் கேட்கும். இவையனைத்தும் ஒரே பையில் இருப்பின், பூட்டையும் சாவியையும் சேர்த்தே கள்வனிடம் ஒப்படைத்தவர் ஆவோம்.

கைப்பேசித் திரைக்குப் பூட்டு இட்டால் மட்டும் போதாது. சிம் அட்டையைக் கழற்றி வேறு கருவியில் இட்டால் ஓ.டி.பி. அங்கே வந்துவிடும். ஆதலின் சிம் அட்டைக்கும் தனி இரகசிய எண் அமைத்துக்கொள்க. அது கைப்பேசி அமைப்புகளிலேயே உள்ள வசதி.

பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. அறைப் பணத்தைத் திருப்பித் தருகிறோம், எண்ணை அழுத்துங்கள் என்று எவரேனும் சொன்னால், நம் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று உணர்க.

ரொக்கத்தைக் குடும்பத்தார் இருவர் மூவர் பிரித்து வைத்துக்கொள்வது நம் பாட்டிமார் கைக்கொண்ட முறை. அன்றைய செலவுக்குரியது சுருக்குப் பையில், மற்றது உள்ளாடையின் முடிச்சில் என்று அவர்கள் வகுத்தது இன்றும் பொருந்தும்.

மலையில்

மதுவனத்திலிருந்து மலையேறி, சிகரங்களை வலம்வந்து இறங்கும் வழி ஏறத்தாழ 27 கிலோமீட்டர். விடியுமுன் இருளிலேயே ஏறத் தொடங்குவோம். டோலிக் கூலியை அடிவாரத்திலேயே பேசி முடித்து, அதற்குரிய ரொக்கத்தையும் சில்லறையையும் மட்டும் உடன் கொண்டு செல்க. மேலே கைப்பேசி இணைப்புக் கிடைக்கும் என்று நம்பி ஏறுதல் தகாது. தூக்கிச் செல்லும் தொழிலாளியின் கூலிக்குக் குறைவு நேராமல் காப்பதும் நம் கடமையே.

இழப்பு நேர்ந்தால்

வங்கியின் உதவி எண், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், கைப்பேசியின் அடையாள எண் (*#06# என அழுத்தினால் தோன்றுவது) ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் குழுவில் மற்றொருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். இரகசிய எண்ணை அதில் எழுதற்க.

பொருள் போனது தெரிந்ததும் முதற்கண் வங்கிக்குச் சொல்லி அட்டையையும் கணக்குப் பரிமாற்றத்தையும் நிறுத்துக. பணம் எடுக்கப்பட்டிருந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்கவேண்டும். பின்னர் சிம் அட்டையை முடக்கிக் காவல் நிலையத்தில் புகார் அளிக்கவும். அப்புகாரின் படியைக்கொண்டு, 2023இல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தின் வழியே கைப்பேசியையே முடக்கலாம்.

காலம் இங்கே பணமாகிறது. 2017 சூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியின் பிழையும் வாடிக்கையாளர் பிழையும் இன்றிப் பிறர் செய்த மோசடியை, வங்கியின் செய்தி கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளர் இழப்பை ஏற்கவேண்டியதில்லை என்று வகுத்தது. நம் கவனக்குறைவால் நேர்ந்ததாயின், தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. தெரிவித்த பின் நேர்வது வங்கியுடையது. அத்தை காலை வரை காத்திராமல் அன்றிரவே தெரிவித்திருந்தால், திருமணத் தொகையில் ஒரு பகுதியேனும் எஞ்சியிருக்கும்.

குடும்பத்துடன் சிந்திக்க

1. அடுத்த யாத்திரைக்கு எவ்வளவு பொருள் கைக்கு எட்டினால் போதும்?

2. நம் கைப்பேசியோடு இணைந்துள்ள கணக்குகள் எவை? அவற்றுள் நீக்கத்தக்கது எது?

3. கைப்பேசி இல்லாமல் வங்கியின் உதவி எண்ணைச் சொல்லக்கூடியவர் நம் வீட்டில் எவர்?

இம்மூன்றுக்கும் விடை கண்டபின் பயணச்சீட்டுப் பதிவு செய்யுங்கள். வகுத்த எல்லைக்குள் பொருள் அடங்கி நின்றால், மலைமேல் நெஞ்சம் திருவடிகளில் அடங்கி நிற்கும்.