எருமைத் தயிரில் புளூ சீஸ் ட்ரெஸ்ஸிங்

கேள்வி: கற்பிட்டியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். கைட் சேர்ஃபிங் செய்ய வருபவர்கள் சலாதுக்குப் புளூ சீஸ் ட்ரெஸ்ஸிங் கேட்கிறார்கள். வீட்டிலேயே செய்யலாமா?
– வாசகி, கற்பிட்டி

பதில்: தாராளமாகச் செய்யலாம், சகோதரி. சீஸை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதற்கு நம் எருமைத் தயிரே போதும். சட்டித் தயிர் அரைக் கோப்பையை மெல்லிய துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். தண்ணீர் வடிந்தால்தான் ட்ரெஸ்ஸிங் இலையில் ஒட்டும். 100 கிராம் சீஸில் பாதியை முள்ளுக்கரண்டியால் தயிரோடு மசியுங்கள். கால் கோப்பை மயோனைஸ், ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, நசுக்கிய உள்ளி ஒரு பல், மிளகுத்தூள் சேருங்கள். மீதிச் சீஸை உதிர்த்துக் கடைசியில் கலந்துவிடுங்கள். கடிக்கும்போது அந்தக் கட்டிகள் நாவில் தட்டுப்பட வேண்டும். இறுகினால் கொஞ்சம் பால் விடுங்கள்.

உப்பு விளையும் புத்தளத்திலிருந்து இதைச் சொல்கிறேன்: உப்பில் கை வைக்காதீர்கள். சீஸிலேயே தேவையான உப்பு இருக்கிறது.

இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால் சுவை ஊறும். மூன்று நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். நம் வெக்கையில் மேசையில் விட்டுவைக்க வேண்டாம்.

சீஸின் நீலக் கோடுகள் பெனிசிலியம் என்ற நல்ல பூஞ்சணம், அஞ்ச வேண்டாம். ஆனால் பாலை உறைய வைக்கும் ரெனெட் கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுவதால், வாங்கும்போது ஹலால் முத்திரையைப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இதைப் பரிமாறாதீர்கள். இந்தச் சீஸில் இருக்கக்கூடிய லிஸ்டீரியா கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.