மாதவிலக்கா, கர்ப்பகால ரத்தமா? முழுமையான வழிகாட்டி

‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பார்கள் நம் பாட்டிமார். மாதவிலக்கு வந்தால் தலை முழுகுவது வழக்கம், முழுகவில்லையென்றால் கர்ப்பம். ஆனால் கருவுற்ற பிறகும் சிலருக்குத் துணியில் ரத்தம் படும். முதல் மூன்று மாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு கர்ப்பத்தில் இப்படி நேர்கிறது. அந்தப் பெண் தலை முழுகிவிட்டு, மாதவிலக்கு வந்து போனதாகவே நினைத்திருப்பாள்.

படி 1: நாளை எண்ணுங்கள்

ரத்தம் பட்ட முதல் நாளிலிருந்து அடுத்த மாதவிலக்கின் முதல் நாள் வரை எண்ண வேண்டும். 21 முதல் 35 நாள் வரை இயல்பு. 28 என்பது சராசரிதான், சட்டமல்ல. காய்ச்சல், இரவு வேலை, தேர்வுப் பயம், எடை மாற்றம், தைராய்டு, நீர்க்கட்டி, அவசர கருத்தடை மாத்திரை என எதுவும் நாளைத் தள்ளிப் போடலாம். சமையலறைக் காலண்டரிலேயே குறியுங்கள்: தேதி, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின்.

படி 2: அளவைப் பாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள்

வழக்கமான மாதவிலக்கு லேசாகத் தொடங்கும், முதல் இரண்டு நாளில் அதிகமாகும், ஏழு நாளுக்குள் அடங்கும். கரு கருப்பையின் உட்சுவரில் ஒட்டும்போது சிலருக்கு மட்டும் படும் ரத்தம் வேறு மாதிரி. சில சொட்டு, சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள், கட்டி போகாது. கருவுற்று 10 முதல் 14 நாளில், அதாவது மாதவிலக்கை எதிர்பார்க்கும் அதே வாரத்தில் இது வருவதால்தான் இத்தனை குழப்பம்.

எல்லோரும் கேட்பது நிறத்தைத்தான். பழுப்பு என்றால் பழைய ரத்தம், அவ்வளவே. மாதவிலக்கின் தொடக்கத்திலும் முடிவிலும்கூட அது வரும். நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 3: சோதனை செய்யுங்கள்

நாள் தள்ளிப்போனாலோ, வந்தது வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தாலோ, காலையின் முதல் சிறுநீரில் கர்ப்பச் சோதனை செய்யுங்கள். கிட் மருந்துக்கடையில் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பரிசோதிக்கலாம். ‘சி’ கோடு தெரிந்தால்தான் கிட் வேலை செய்கிறது என்று பொருள். அதோடு ‘டி’ கோடு மங்கலாகத் தெரிந்தாலும் கர்ப்பம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் சொன்ன நிமிடத்துக்குள் பாருங்கள். மாலையில் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தால் இல்லாத கோடும் தெரியும்.

‘இல்லை’ என்று வந்தும் மாதவிலக்கு வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள்.

படி 4: ‘ஆம்’ என்று வந்து ரத்தமும் பட்டால்

இனி வீட்டில் ஊகிக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள். ரத்தம் பட்ட பிறகும் நலமாகத் தொடரும் கர்ப்பங்கள் ஏராளம். கருச்சிதைவாகவும் இருக்கலாம். கரு கருக்குழாயில் தங்கியிருந்தால்தான் பெரிய ஆபத்து. அதில் வெளியே படும் ரத்தம் கொஞ்சமாகவே இருக்கலாம், ஆனால் உள்ளே குழாய் வெடித்துவிடக்கூடும். அடிவயிற்றில் கடும் வலி (பெரும்பாலும் ஒரு பக்கமாக), தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் இருந்தாலும், மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும் காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஸ்கேனில் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்றால் உடனே அழ வேண்டாம். ஆறு வாரத்துக்கு முன் இதயத் துடிப்பு தெரியாமலிருப்பது சாதாரணம். 48 மணி நேர இடைவெளியில் இரண்டு ரத்தப் பரிசோதனையும், சில நாள் கழித்து மறு ஸ்கேனும் சொல்வார்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் மறக்காமல் சொல்லுங்கள்; ‘ஆன்டி-டி’ ஊசி தேவைப்படலாம்.

படி 5: கர்ப்பம் இல்லை, ஆனாலும்

ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, இடையிடையே படுவது, உறவுக்குப் பின் படுவது, மூன்று மாதம் வராமலே இருப்பது ஆகியவற்றையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு பட்டாலும் அப்படித்தான்.

எங்கே போனாலும் முதல் கேள்வி, “கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?” என்பதுதான். தேதியை மட்டும் சொல்லாமல், அந்த முறை வழக்கம்போல் வந்ததா, லேசாகப் பட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். லேசாகப் பட்டிருந்தால், கரு நீங்கள் எண்ணியதைவிட ஒரு மாதம் மூத்ததாக இருக்கக்கூடும்.