தண்ணீர் குறைந்தால் ஹெட் காஸ்கற் போய்விட்டதா?

பழைய லொறியொன்றின் றேடியேற்றரில் தண்ணீர் குறைகிறதென்றால் அதன் ஹெட் காஸ்கற் போய்விட்டது என்று தீர்ப்பளிப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டில் பரவலான வழக்கம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை பெரும்பாலும் தடைப்பட்டே இருந்தமையால் பழைய வண்டிகளின் விலை வெகுவாக ஏறியது. மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி ஏற்றிவர அத்தகைய வண்டியொன்றைத் தேடும் ஒருவருக்கு இந்தத் தீர்ப்பு இருவகையில் நட்டம் தருகிறது. இல்லாத பழுதுக்கு அஞ்சி நல்ல எஞ்சினை அவர் கைவிடக்கூடும், அல்லது வாங்கி, ஹெட்டைக் கழற்றி, காஸ்கற் மாற்றிய பின்னும் தண்ணீர் குறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.

ஹெட் காஸ்கற் என்பது சிலிண்டர்கள் அமைந்த புளொக்குக்கும் அதன்மேல் மூடியாக அமரும் ஹெட்டுக்கும் இடையே இறுக்கப்படும் மெல்லிய தகடு. எரியும் வாயு, ஒயில், குளிர்விக்கும் நீர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாதபடி அது தடுத்து நிற்பதால், எந்த இரண்டுக்கு இடையில் அது விட்டுக்கொடுக்கிறதோ அதற்கேற்ப அறிகுறி வேறுபடும். எல்லா அறிகுறிகளும் ஒருங்கே தோன்ற வேண்டியதில்லை.

காலையில் வெண்புகை வந்தால் காஸ்கற் கசிகிறது என்பது முதல் நம்பிக்கை. குளிர்ந்த டீசல் எஞ்சினில் முழுமையாக எரியாத டீசலும் வெண்ணிறமாகவே வெளியேறும், அது கண்ணையும் மூக்கையும் உறுத்தும். எஞ்சின் நன்கு சூடேறிய பின்னும் நீங்காமல், தண்ணீரோடு கலக்கும் கூலன்ற்றின் இனிய வாடையோடு, தண்ணீரும் குறைந்துகொண்டே வர எழும் புகையே ஐயத்துக்குரியது. அப்போதும் புதிய டீசல் எஞ்சின்களில் கழிவுவாயுவின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் உள்ளே அனுப்பும் ஈஜிஆர் கூலர் வெடித்திருந்தால் இதே அறிகுறி தோன்றும் என்பதை மறக்கலாகாது. ஒயில் மூடியின் அடியில் பால்நிறப் பசை காணப்படுவதும் அவ்வாறே: சந்தைக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் ஆவியாகாமல் மூடியில் தங்குவது இயல்பு; ஒயிலை அளக்கும் கம்பியிலும் ஒயில் தேங்கும் சம்பிலிருந்து வடிக்கும் ஒயிலிலும் அந்நிறம் தெரிந்தாலே அது பொருட்படுத்தத்தக்கது.

றேடியேற்றரில் குமிழி வந்தால் ஐயமே இல்லை என்பாரும் உளர். புதிதாகத் தண்ணீர் நிரப்பிய எஞ்சினில் சிக்கிய காற்றும் குமிழியாகவே வெளியேறும். காற்று முற்றாக நீங்கிய பின்னும் குமிழி ஓயாதிருந்து, குளிர்ந்த எஞ்சினை இயக்கிய சில நிமிடங்களிலேயே, தண்ணீர் சூடேறுமுன், மேல் ஹோஸ் கல்லாக இறுகுமானால், சிலிண்டரின் அமுக்கம் தண்ணீருக்குள் புகுகிறது எனக் கருத இடமுண்டு. காபனீரொட்சைட்டுப் பட்டால் நிறம் மாறும் நீலத் திரவத்தைக் கொண்டு இதனை உறுதிப்படுத்தலாம். பெற்றோல் எஞ்சினில் அது மஞ்சளாகும், டீசலில் பச்சையோடு நின்றுவிடுவதுண்டு. சுமையின்றி ஓடும் டீசல் எஞ்சினின் கழிவில் அவ்வாயு குறைவாதலால், நிறம் மாறவில்லை என்பதை மட்டும் கொண்டு காஸ்கற் நலமென்று முடிவு கட்டலாகாது.

ஹெட்டைத் திறக்குமுன் செய்யவேண்டிய சோதனை எளியது. குளிர்ந்த எஞ்சினின் றேடியேற்றர் வாயில் கைப்பம்பியைப் பொருத்தி, மூடியில் பொறித்த அமுக்கம்வரை ஏற்றி, மானி இறங்குகிறதா எனக் காத்திருந்து பார்ப்பதே அது. மானி இறங்கினால் தண்ணீர்ப் பம்பியின் அடித்துளை, ஹோஸ் இணைப்புகள், புளொக்கின் பக்கவாட்டு அடைப்புத் தகடுகள் ஆகியவற்றில் ஈரம் தேடவேண்டும். வெளியே எங்கும் ஈரமில்லையெனில்தான் உள்ளே பார்க்க வேண்டும். மூடியையும் தனியே சோதிக்க வேண்டும். சாதாரண அமுக்கத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், 1.1 என்று பொறித்த நல்ல மூடியின்கீழ் ஏறத்தாழ 120 பாகை வரை கொதிக்காது. அதன் சுருள்வில் தளர்ந்துவிட்டால், எங்கும் ஓட்டையில்லாமலேயே தண்ணீர் கொதித்து வெளியேறும். ஹெட் கழற்றும் செலவோடு ஒப்பிட்டால் மூடியின் விலை ஒன்றுமேயில்லை, ஆயினும் கராஜ்களில் கடைசியாக நினைவுக்கு வருவது அதுதான்.

இவை எல்லாவற்றிலும் பெரிய பிழை, குறைந்த தண்ணீரைக் கிணற்றிலிருந்து நிரப்பினால் போதும் என்பதாகும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத குடாநாடு சுண்ணாம்புக்கற் படையில் தேங்கும் மழைநீரையே உண்டு வாழ்கிறது. மண்ணினூடாக இறங்கும் மழைநீர் காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு கல்லைக் கரைத்து, கல்சியம் இருகாபனேற்றைத் தாங்கிய வன்னீராகிறது. அதனைச் சூடாக்கும்போது வாயு பிரிய, கல்சியம் காபனேற்று வெண்படிவாக ஒட்டிக்கொள்கிறது. ஊரின் கேத்தில்களில் காணப்படும் அதே படிவு, எஞ்சினுக்குள் மிகச் சூடான இடங்களாகிய ஹெட்டின் நீர்வழிகளிலும் சிலிண்டர்ச் சுவர்களிலும் படிந்து வெப்பம் நீருக்குச் செல்வதைத் தடுக்கிறது. ஒருமுறை நிரப்பி அப்படியே விடும் எஞ்சினில் அந்நீரிலுள்ள சுண்ணாம்பு படிந்ததோடு நின்றுவிடும். கசியும் எஞ்சினிலோ ஒவ்வொரு வாளியும் புதிய சுண்ணாம்பைக் கொண்டுவருகிறது. ஆகவே இணைப்பொன்றில் தொடங்கிய அற்பக் கசிவு, படிவாகி, அளவிறந்த சூடாகி, ஹெட்டை வளைத்து, இறுதியில் காஸ்கற்றை எரிக்கிறது. காரணமென்று பழிக்கப்படும் காஸ்கற் இங்கே பெரும்பாலும் விளைவாகவே இருக்கிறது. உவரேறிய கரையோரக் கிணற்று நீரிலுள்ள குளோரைட்டு அலுமினிய ஹெட்டை அரிப்பது இன்னொரு கேடு.

கூலன்ற் பனி பொழியும் நாடுகளுக்கே உரியது என்னும் எண்ணம் இப்பிழைக்குத் துணைநிற்கிறது. நீர் உறைவதைத் தடுப்பது அதன் ஒரு பணி மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவதும் உலோக அரிப்பைத் தடுப்பதும் மார்கழியிலும் உறைபனி காணாத வலிகாமத்துக்கும் வேண்டியவை. அதனைக் காய்ச்சி வடித்த நீரோடு, தயாரிப்பாளர் கூறும் அளவில் கலக்க வேண்டும்.

வெப்பநாட்டுக்குத் தெர்மோஸ்ரற் வேண்டாமென்று அதைக் கழற்றி எறிவதும் நன்மை செய்யாது. சில எஞ்சின்களில் அதன் அடித்தட்டே, சூடேறிய நீர் றேடியேற்றரைத் தவிர்த்துச் சுற்றும் குறுக்குவழியை அடைக்கிறது. அது இல்லாதபோது நீரின் ஒரு பங்கு குளிராமலே திரும்புவதால், குறையவேண்டிய சூடு கூடுகிறது. கசிவை நிறுத்தவென இடும் மஞ்சள்தூளும் முட்டை வெள்ளையும் றேடியேற்றரின் சிறு துளையைச் சிலகாலம் அடைக்கலாம், ஆனால் அதன் நுண்குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். சிலிண்டர் அமுக்கத்தின்முன் அவை நிற்கமாட்டா.

சோதனைகள் அனைத்தும் காஸ்கற்றையே சுட்டினால், அதை மாற்றுவதோடு வேலை முடிந்தது என எண்ணலாகாது. ஹெட்டின்மேல் நேர்க்கோலை வைத்து, இடைவெளியில் அளவுத் தகடுகளைச் செருகி வளைவை அளக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அளவான வளைவே புதிய காஸ்கற்றை மீண்டும் எரிக்கப் போதுமானதாகலாம். வளைவு மிகுந்தால் முகத்தைச் சீவலாம், ஆயினும் சீவ அனுமதியில்லாத டீசல் ஹெட்டுகளும் உண்டு. ஒருமுறை இறுக்கியதும் நீண்டுவிடும் வகைப் போல்ட்டுகளைப் புதியனவாகவே இட்டு, குறித்த வரிசையிலும் விசையிலும் இறுக்க வேண்டும். ஹெட்டை மூடுமுன் புளொக்கின் நீர்வழிகளிலும் றேடியேற்றர்க் குழாய்களிலும் படிந்த சுண்ணாம்பைக் கரைத்து அகற்றாமல் விட்டால், புதிய காஸ்கற் பழையது எரிந்த அதே சூட்டிலேயே வேலை தொடங்கும்.